தம்பிக்கு ஆயுள் தண்டனை: சட்டம் எதை எடுத்துக்கொள்கிறது, எதை விட்டுவைக்கிறது?

வாசகர் கேள்வி:

வணக்கம் சார். நாங்கள் காசிமேட்டில் இருக்கிறோம். 2019இல் எங்கள் பக்கத்தில் நடந்த ஒரு அடிதடியில் ஒருவர் இறந்துபோனார். அவரும் எங்கள் ஏரியாதான். ஐந்து பேர் மேல் கொலை வழக்கு போட்டார்கள். என் தம்பி ஏ-3, அதாவது வழக்கில் மூன்றாவது ஆள். அவன் கையில் கத்தி எதுவும் இல்லை. பிடித்த புதிதில் குண்டாஸும் போட்டு, அப்புறம் பெயிலில் வந்து கன்டெய்னர் லாரியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். மூன்று வாரத்துக்கு முன்னால் செஷன்ஸ் கோர்ட்டில் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். இரண்டு பேர் விடுதலை. தம்பியோடு மூன்று பேருக்கு ஆயுள். வக்கீல் ஒரு சீட்டில் "302 உடன் 149" என்று எழுதிக் கொடுத்தார். அன்றைக்கே புழலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவனுக்கு இப்போது இருபத்துநாலு வயசுதான் சார்.

ஆயுள் என்றால் பதினாலு வருஷம் என்கிறார்கள் சிலர், சாகிறவரைக்கும் என்கிறார்கள் சிலர். அம்மா பேரில் சின்ன வீடு இருக்கிறது, அதை கவர்மென்ட் எடுத்துக்கொள்ளும், உடனே உன் பேருக்கு மாற்றிக்கொள் என்று சொல்கிறார்கள். என் மகன் பிளஸ் டூ முடித்துவிட்டு போலீஸ் செலக்‌ஷனுக்குப் படிக்கிறான். மாமா கேஸ் அவனைத் தடுக்குமா? தங்கச்சி கல்யாணம் தை மாசம் வைத்திருக்கிறோம், தம்பியை விடுவார்களா? ஊர்ப் பெரியவர்கள் அந்த வீட்டாரோடு பேசி முடித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அப்பீல் போட முடியுமா? எங்களிடம் பணம் இல்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். மற்ற எல்லாக் கேள்விகளும் காத்திருக்கும், இது காத்திருக்காது.

அப்பீல் போடலாம். செஷன்ஸ் கோர்ட் கொடுத்த தண்டனையை எதிர்த்து உயர் நீதிமன்றம் போவது உங்கள் தம்பியின் உரிமை. யாருடைய அனுமதியும் அதற்குத் தேவையில்லை. கெடு 60 நாள். மூன்று வாரம் போய்விட்டது என்றால் கையில் இருப்பது ஐந்து வாரத்துக்குக் கொஞ்சம் மேல். கெடு தாண்டிவிட்டால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போட வழி இருக்கிறது, சிறையில் இருப்பவர் விஷயத்தில் கோர்ட் பெரும்பாலும் இரக்கமாகவே பார்க்கும். அதை நம்பி நாளைக் கடத்த வேண்டாம்.

பணம் இல்லை என்பது இங்கே தடையே இல்லை. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி காவலில் இருக்கும் எவருக்கும் இலவச வக்கீல் உண்டு. வருமானச் சான்றிதழ் கேட்க மாட்டார்கள். உயர் நீதிமன்ற வளாகத்திலேயே உயர் நீதிமன்ற சட்டப் பணிகள் குழு இருக்கிறது. போனில் கேட்க வேண்டுமென்றால் 15100. நீங்கள் போக முடியாவிட்டாலும் தம்பியே சிறைக் கண்காணிப்பாளரிடம் அப்பீல் மனுவை எழுதிக் கொடுக்கலாம், அதை அவர் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பியாக வேண்டும். தீர்ப்பின் நகலும் தண்டிக்கப்பட்டவருக்கு இலவசம். இதெல்லாம் சும்மா வந்த உரிமைகள் அல்ல. 1978இல் ஹோஸ்கோட் என்பவரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது நான்கு வருஷம் தாமதமாகியிருந்தது. தீர்ப்பு நகல் என் கைக்கே வரவில்லை என்றார் அவர். சிறையில் இருப்பவருக்குத் தீர்ப்பு நகல் உடனே இலவசமாகப் போய்ச் சேர வேண்டும், வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் அரசு வைத்துத் தர வேண்டும் என்று நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த வழக்கில்தான் எழுதினார். அந்த மனிதருக்கு அதனால் பெரிய பலன் கிடைக்கவில்லை. உங்கள் தம்பிக்குக் கிடைக்கலாம்.

கோர்ட் வாசலிலும் புழல் வாசலிலும் "மேலே ஆள் இருக்கு, மூணு மாசத்துல வெளியே எடுத்துடலாம்" என்று ஒருவர் நிச்சயம் உங்களிடம் வருவார். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வட்டிக்கு வாங்கியும், தாலிச் சங்கிலியை வைத்தும் இப்படிக் கொடுத்துவிட்டு, கெடுவையும் கோட்டைவிட்ட குடும்பங்களை வண்ணாரப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் நிறையப் பார்த்துவிட்டேன். வயிறு எரிகிறது.

அடுத்து, கடிதத்தில் போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரி. "அவனுக்கு இப்போது இருபத்துநாலு வயசுதான்." சம்பவம் 2019 என்கிறீர்கள். அப்படியானால் அன்றைய தேதியில் அவனுக்குப் பதினெட்டு முடிந்திருந்ததா? பிடித்துப் போகும்போது வயது கேட்பார்கள், பையன் பயத்தில் ஏதோ சொல்வான், எழுதிக்கொள்வார்கள், அதுவே கடைசிவரை ஓடும். குற்றம் நடந்த நாளில் பதினெட்டு முடியவில்லை என்றால் அவன் சிறுவன், அவனுடைய வழக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் போயிருக்க வேண்டும். இந்த வாதத்தை விசாரணைக் கோர்ட்டில் எழுப்பாமல் விட்டுவிட்டாலும் பரவாயில்லை, எந்தக் கட்டத்திலும் எழுப்பலாம், வழக்கு முழுசாக முடிந்த பிறகும்கூட எழுப்பலாம் என்று 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவு சொல்கிறது. சிறுவன் என்று முடிவானால் கோர்ட் கொடுத்த தண்டனைக்கு விளைவே இல்லை என்று அதே பிரிவு சொல்கிறது, வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். பதினாறிலிருந்து பதினெட்டுக்குள் இருந்தவர்களைக் கொலை போன்ற கொடுங்குற்றங்களில் பெரியவர்களைப்போல விசாரிக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதைக் குழுமம் ஆராய்ந்துதான் முடிவெடுக்க வேண்டும். அப்படி விசாரித்தாலும் விடுதலைக்கே வழியில்லாத ஆயுள் தண்டனை கொடுக்க முடியாது.

எனவே வீட்டில் இருக்கும் ஸ்கூல் டி.சி.யை, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைத் தேடி எடுங்கள். பள்ளிச் சான்றிதழ்தான் முதலில் பார்க்கப்படும். அது இல்லாதபோதுதான் மாநகராட்சிப் பிறப்புச் சான்றிதழ், அதுவும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. ஒருவேளை பதினெட்டு தாண்டியிருந்தான் என்றே தெரியவரலாம். நம்பிக்கையை இப்போதே ஏற்றிவைத்துக்கொள்ளாமல் தேதியை மட்டும் பாருங்கள். பேப்பரைத் திருத்துவது, புதுசாகச் சான்றிதழ் "வாங்குவது" எல்லாம் கூடவே கூடாது. அது தனிக் குற்றம், அப்பீலையும் சேர்த்துக் கெடுக்கும்.

இனி அந்தச் சீட்டு. 302 என்பது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் கொலை. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, அதில் கொலை 103ஆம் பிரிவு. ஆனால் சம்பவம் 2019 என்பதால் குற்றமும் தண்டனையும் பழைய சட்டப்படிதான். 149 என்பது, ஐந்து பேரோ அதற்கு மேலோ ஒரு சட்டவிரோத நோக்கத்தோடு கூடி, அதில் ஒருவர் அந்த நோக்கத்துக்காகக் குற்றம் செய்தால், கூடியிருந்த எல்லோரும் அதற்குப் பொறுப்பு என்று சொல்லும் பிரிவு. "கையில் கத்தி இல்லை" என்று நீங்கள் சொல்வது உண்மையாகவே இருந்தாலும் தண்டனை வந்தது இதனால்தான். கத்தி எடுக்காதவனும் கொலைக் குற்றவாளி ஆவான், அவன் அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்று நிரூபணமானால்.

ஆனால் 149க்கு எண்ணிக்கை முக்கியம். பெயர் சொல்லி ஐந்து பேர்தான் குற்றம்சாட்டப்பட்டார்கள், அதில் இரண்டு பேர் விடுதலை ஆகிவிட்டார்கள் என்றால் மிச்சம் மூன்று பேர். மூன்று பேரை வைத்து ஐந்து பேர் கூட்டம் என்று சொல்ல முடியுமா? 1962லேயே மோகன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியிருக்கிறது. அடையாளம் தெரியாத வேறு ஆட்களும் கூட இருந்தார்கள் என்று குற்றச்சாட்டிலும் சாட்சியத்திலும் இருந்தால் 149 நிற்கும். இல்லையென்றால் தடுமாறும். அதற்காகத் தம்பி உடனே வெளியே வந்துவிடுவான் என்று எண்ண வேண்டாம். பொது உள்நோக்கம் என்று சொல்லும் 34ஆம் பிரிவுக்கு உயர் நீதிமன்றம் மாற்றிக்கொள்ளலாம். அதற்கு, முன்கூட்டியே மனசொத்துச் செய்தார்கள் என்பதற்கு ஆதாரம் வேண்டும். திடீரென்று மூண்ட சண்டை என்றால் கொலை என்பது, கொலை ஆகாத மரணம் என்று 304க்கு இறங்கவும் வாய்ப்பு உண்டு, அப்போது ஆயுள் என்பது சில வருஷங்களாகக் குறையலாம். இன்னொன்று, உங்கள் வக்கீல் எழுதியது குற்றச்சாட்டில் இருந்த பிரிவா, தீர்ப்பில் தண்டனை கொடுத்த பிரிவா என்பதே எனக்கு இங்கிருந்து தெரியாது. அதனால்தான் நகல், நகல் என்கிறேன். தீர்ப்பின் கடைசிப் பக்கங்களை முதலில் படிக்கச் சொல்லுங்கள்.

சரி, குற்றவாளி என்று தீர்ப்பு வந்தால் சட்டப்படி என்னதான் ஆகிறது? அன்றுவரை அவன் நிரபராதி என்றே சட்டம் எடுத்துக்கொண்டது, குற்றத்தை நிரூபிக்கும் பாரம் போலீஸ் தரப்பில் இருந்தது. தீர்ப்போடு அந்த அனுமானம் போய்விடுகிறது. இனி தீர்ப்பு எங்கே தப்பு என்று நாம் காட்ட வேண்டும். உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் அமர்வு சாட்சியத்தை முழுசாக மறுபடி படித்துப் பார்க்கும்.

தீர்ப்பில் இரண்டு பகுதி இருக்கிறது. நீ குற்றவாளி என்பது ஒன்று, உனக்கு இந்தத் தண்டனை என்பது இன்னொன்று. இது இரண்டையும் எல்லோரும் சேர்த்தே குழப்பிக்கொள்கிறார்கள். அப்பீல் போடும்போது தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கேட்கலாம். அது கிடைத்தால் ஆள் வெளியே வருவார், ஆனால் குற்றவாளி என்பது அப்படியே இருக்கும். இதைத் தமிழ்நாடே ஒருமுறை கண்ணால் பார்த்தது. 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூரு தனி நீதிமன்றம் தண்டனை கொடுத்ததும் ஜெயலலிதா அந்த நாளிலேயே எம்.எல்.ஏ. பதவியையும் முதல்வர் பதவியையும் இழந்தார். அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கொடுத்தது. வீட்டுக்கு வந்தார், பதவிக்கு வர முடியவில்லை. 2015 மே 11 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் விடுதலை செய்த பிறகுதான் மே 23 அன்று மறுபடி முதல்வரானார். அந்த விடுதலையையும் 2017இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, அதற்குள் அவர் இறந்துவிட்டார். முதல்வருக்கு என்ன சட்டமோ அதுதான் கன்டெய்னர் லாரியில் போகிற பையனுக்கும்.

கொலை வழக்கில் தண்டனையை நிறுத்திவைக்கக் கோர்ட் தயங்கும், அரசு வக்கீலையும் கேட்டுத்தான் முடிவெடுக்கும். ஆனால் அப்பீலை நியாயமான காலத்துக்குள் எடுத்து விசாரிக்க முடியாவிட்டால் ஆளை உள்ளேயே வைத்திருப்பது நியாயமில்லை என்று 1977இல் காஷ்மீரா சிங் வழக்கில், அதுவும் ஒரு கொலை வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முதல் மனு தள்ளுபடி ஆனால் மனசு விடவேண்டாம், காலம் போகப்போக மறுபடி கேட்கலாம். பெயிலில் இருந்தபோது ஒழுங்காக வாய்தாவுக்கு வந்தான், வேலைக்குப் போனான் என்பதற்கான பேப்பர்கள் இங்கே உதவும். லாரிக்காரரிடமிருந்து ஒரு கடிதம் வாங்கிவையுங்கள்.

பதினாலு வருஷமா, சாகிறவரைக்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். இரண்டு தரப்பும் பாதி சரி. ஆயுள் தண்டனை என்றால் உயிர் இருக்கும்வரை என்று 1961இல் கோபால் கோட்சே வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பதினாலு வருஷம் முடிந்ததும் கதவு தானாகத் திறக்காது. கொலை போன்ற குற்றத்தில் ஆயுள் பெற்றவரை, பதினாலு வருஷம் நிஜமாக உள்ளே இருந்த பிறகுதான் அரசு முன்விடுதலைக்குப் பரிசீலிக்க முடியும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433-ஏ என்றிருந்தது இது, புதிய சட்டத்திலும் அப்படியே இருக்கிறது. ஆக, பதினாலு என்பது வாசல்வரை வரும் காலம். கதவைத் திறப்பது அரசின் முடிவு. ஆளுநருக்கு அரசியலமைப்பின் 161ஆம் பிரிவில் தனி அதிகாரம் உண்டு, அதற்கு இந்தப் பதினாலு வருஷக் கட்டு கிடையாது. அண்ணா பிறந்தநாளை ஒட்டி ஆயுள் கைதிகள் விடுதலை என்று பேப்பரில் படித்திருப்பீர்கள், ஒவ்வொரு முறையும் எந்தக் குற்றத்துக்கு உண்டு, எதற்கு இல்லை என்று அரசாணையில் போட்டிருப்பார்கள். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளன் 1991இல் கைதானார், 2018இல் தமிழக அமைச்சரவை விடுதலைக்குப் பரிந்துரைத்தது, அப்படியும் 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தித்தான் அவரை விடுவித்தது. முப்பது வருஷத்துக்கும் மேல். பதினாலு வருஷத்தில் வந்துவிடுவான் என்று அம்மாவிடம் சொல்லித் தேற்ற நினைப்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். அம்மாவிடம் பொய்க்கணக்கு சொல்லாதீர்கள்.

தம்பி இந்த வழக்கில் ரிமாண்டில் இருந்த நாட்கள் கணக்கில் சேரும், ஆயுள் கைதிக்கும் சேரும் என்று 1985இல் பாகீரத் வழக்கில் முடிவாகிவிட்டது. குண்டாஸ் அப்படி இல்லை. அது தண்டனையே அல்ல, 1982ஆம் ஆண்டு தமிழ்நாடு சட்டப்படி முன்னெச்சரிக்கையாகப் பிடித்து வைப்பது. அதனால் தனியாக அந்த நாட்கள் கழிவாகாது. அதே சமயத்தில் கொலை வழக்கின் ரிமாண்டும் ஓடியிருந்தால் அதைக் காட்டி வாதாட இடம் உண்டு. தேதிகளை வக்கீலிடம் எழுதிக் கொடுங்கள். அபராதம் போட்டிருந்தால் அதைக் கட்டிவிட்டு ரசீதை பத்திரமாக வையுங்கள். கட்டாவிட்டால் அதற்கென்று தனியாக உள்ளே இருக்க வேண்டிவரும்.

வீட்டைப் பற்றி. எடுக்க மாட்டார்கள். தண்டனை பெற்றவனின் சொத்தையெல்லாம் பறிமுதல் செய்யும் பழைய பிரிவுகள் வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1921இல், நீக்கப்பட்டுவிட்டன. அபராதத்தை வசூலிக்க அவனுடைய சொந்தச் சொத்தைத் தொடலாம், அம்மா பேரில் இருப்பதைத் தொட முடியாது. அம்மாவுக்குப் பிறகு அவனுக்கு வரவேண்டிய பங்கும் போகாது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 25ஆம் பிரிவு, ஒருவரைக் கொன்றவன் அந்த இறந்தவரின் சொத்துக்கு வாரிசாக முடியாது என்கிறது, அவ்வளவுதான். இங்கே இறந்தவர் உங்கள் குடும்பத்தார் அல்ல. ஆகவே "உடனே உன் பேருக்கு மாற்றிக்கொள்" என்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். சகோதரி, கோபித்துக்கொள்ள வேண்டாம். பதற்றத்தில் இருக்கும் அம்மாவிடம் இப்போது செட்டில்மென்ட் எழுதி வாங்குவது, உள்ளே இருக்கும் தம்பியின் பங்கை அவனுக்குத் தெரியாமல் எடுப்பதாக ஆகிவிடும். பதிவு செய்த செட்டில்மென்டை நாளைக்கு நினைத்தாற்போல் ரத்து செய்யவும் முடியாது. வீடு அம்மா பேரிலேயே இருக்கட்டும். தம்பி பேரில் பேங்க் கணக்கு, வண்டி ஏதாவது இருந்தால் அதுவும் அவனுடையதுதான். சிறையிலிருந்தே பவர் எழுதிக் கொடுக்கலாம். அதற்காக அவன் பதிவு அலுவலகம் வரவேண்டியதில்லை என்று பதிவுச் சட்டமே விலக்குக் கொடுத்திருக்கிறது.

ஓட்டு கிடையாது, உள்ளே இருக்கும்வரை. ஜாமீனில் வந்தால் போடலாம். தேர்தலில் நிற்க முடியாது. இரண்டு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை என்றால் விடுதலையாகி ஆறு வருஷம்வரை அந்தத் தடை இருக்கும். பாஸ்போர்ட்டும் இப்போதைக்குக் கிடைக்காது. ரேஷன் கார்டு, ஆதார், குடும்பத்துக்கு வரும் உதவித்தொகை எதற்கும் இந்தத் தீர்ப்பால் பாதிப்பில்லை.

உங்கள் மகன் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். தாய்மாமனுக்குத் தண்டனை என்பதால் மருமகனுக்கு வேலை இல்லை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. போலீஸ் வெரிஃபிகேஷனில் பார்ப்பது அவன் பெயரில் வழக்கு இருக்கிறதா என்பதை. அங்கேதான் எனக்குப் பயம். போலீஸ் வேலைக்குத் தமிழ்நாட்டில் விதி ரொம்பக் கடுமை. சந்தேகத்தின் பலனில் விடுதலையானவர்களுக்கே கதவு அடைபட்டிருக்கிறது. மாமன் உள்ளே போன கோபத்தில், "அவங்களைச் சும்மா விடக்கூடாது" என்று தெருவில் நாலு பேர் ஏற்றிவிட, பதினேழு பதினெட்டு வயசுப் பையன் போய் நின்றால், ஒரு எஃப்.ஐ.ஆரில் பெயர் ஏறினால் போதும். வடசென்னையில் ஒரு கொலை அடுத்த கொலைக்கு வழிவிடுவதை நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். முடிந்தால் செலக்‌ஷன் முடியும்வரை அவனை வேறு ஏரியாவில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படிக்கவையுங்கள். விண்ணப்பத்தில் கேட்கும் கேள்விக்கு உண்மையை மட்டும் எழுதச் சொல்லுங்கள். மறைத்ததற்காகவே வேலை போனவர்கள் உண்டு.

ஊர்ப் பெரியவர்கள் சொல்வது நல்ல எண்ணத்திலாக இருக்கலாம். படகுத் தகராறு, வலைத் தகராறு, கடன் எல்லாம் ஊர்ப் பஞ்சாயத்தில் முடிந்து பழகியவர்கள். கொலை அப்படி முடியாது. இரண்டு தரப்பும் சமாதானமாகி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலில் கொலை இல்லவே இல்லை. அந்த வீட்டார் "எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்று கையெழுத்துப் போட்டாலும் தீர்ப்பு மாறாது. மாறாக, நீங்கள் மிரட்டினீர்கள் என்று ஒரு புகார் போனால் ஜாமீன் மனு அத்தோடு முடிந்தது. அந்த வீட்டிலும் ஒரு அம்மா இருப்பார். விடுதலையான இருவரையும் எதிர்த்து அவர்கள் அப்பீல் போகவும் சட்டம் வழி கொடுத்திருக்கிறது, அது அவர்களுடைய உரிமை. தெருவில் எதிரே வந்தால் வம்பு வளர்க்காமல் வழிவிடுங்கள். இப்போதைக்கு அவர்கள் வாசலுக்குப் போகாதீர்கள்.

தங்கச்சி கல்யாணத்துக்கு வழி இருக்கிறது. நம் ஊரில் பரோல் என்று எல்லோரும் சொல்வதற்குத் தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டு தண்டனை நிறுத்திவைப்பு விதிகள் இருக்கின்றன. அதில் சாதாரண விடுப்பு, மூன்று வருஷம் உள்ளே முடித்த பிறகுதான். அவசர விடுப்புக்கு அந்தக் காத்திருப்பு வேண்டாம். பெற்றோர், உடன்பிறந்தவர்கள் இறந்தால், கடுமையாக நோய்ப்பட்டால், உடன்பிறந்த அண்ணன் தம்பி அக்கா தங்கை கல்யாணம் என்றால் சில நாள் கேட்கலாம். போலீஸ் காவலோடு அனுப்பினாலும் அனுப்புவார்கள். மனுவைக் கல்யாணத்துக்கு முந்தின வாரம் கொடுத்தால் நடக்காது, உங்கள் ஏரியா ஸ்டேஷனிலிருந்து அறிக்கை வரவேண்டும். பத்திரிகை அடித்ததும் முதல் பிரதியை இணைத்துக் கொடுத்துவிடுங்கள். அப்பீல் நிலுவையில் இருக்கிறது என்று சொல்லி மறுத்தால் உயர் நீதிமன்றத்திலேயே சில நாள் இடைக்கால ஜாமீன் கேட்கலாம். இரு தரப்பும் ஒரே ஏரியா என்பதால் கல்யாணத்தைக் காசிமேட்டில் வைக்காமல் தள்ளி ஒரு மண்டபத்தில் வைத்தால் மனு எளிதாகும் என்பது என் அனுபவம்.

இந்த வாரம் புழலில் தம்பியைப் பார்க்க மனு போடும்போது வக்காலத்துப் படிவத்தை எடுத்துப் போங்கள். அவனிடம் கையெழுத்து வாங்கி, சிறை அதிகாரியின் சான்றொப்பமும் வாங்குங்கள். தீர்ப்பு நகல் அவன் கைக்கு வந்ததா என்று கேளுங்கள். வரவில்லை என்றால் அன்றைக்கே கண்காணிப்பாளர் பெயருக்கு எழுத்தில் கேட்டு, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் டி.சி., மார்க் ஷீட், ரிமாண்ட் தேதிகள், குண்டாஸ் உத்தரவின் நகல், லாரிக்காரரின் கடிதம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு சட்டப் பணிகள் குழு அலுவலகத்துக்குப் போங்கள். டி.சி.யில் பிறந்த தேதியைப் பார்த்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.